நாக்டுவா என்எஃப்-ஏ4×10 எஃப்எல்எக்ஸ்: சிப்செட் சூட்டுக்கு வாங்கலாமா?

மதர்போர்டில் எஸ்எஸ்டி, யுஎஸ்பி போன்றவற்றை சிபியுவோடு இணைக்கும் சிப்செட் என்கிற சிப்பின் தலையில் உட்காரவைக்க ஒரு சின்ன ஃபேன் தேடுகிறவர்கள் பெரும்பாலும் கடைசியில் வந்து நிற்பது இந்த ஃபேனிடம்தான். ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனத் தயாரிப்பு. 40 மில்லிமீட்டர் சதுரம், 10 மில்லிமீட்டர் தடிமன், 12 வோல்ட், 3-பின் கனெக்டர். விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டும். எலெக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையில் ‘4010 ஃபேன்’ என்று கேட்டால் இதே அளவில் மிகக் குறைந்த விலைக்கு ஒன்றைத் தந்துவிடுவார்கள் என்பதால், இது பெரிய தொகையாகத்தான் தெரியும்.

காசுக்குத் தகுந்த பொருளா என்றால், ஆமாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சிப்பின் சூட்டை வாங்கிக்கொள்ளும் அலுமினியக் கட்டியான ஹீட்சிங்கைக் கழற்றி, சிப்புக்கும் அதற்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சரிசெய்த பிறகுதான் ஃபேனுக்குக் காசு கொடுக்க வேண்டும். சிப்பிலிருந்து ஹீட்சிங்குக்கே சூடு ஏறவில்லை என்றால், மேலே எவ்வளவு ஊதினாலும் அலுமினியம்தான் ஆறும், சிப் ஆறாது. இந்த வரிசையை மாற்றிச் செய்துவிட்டு “ஃபேன் மாட்டியும் மூணு டிகிரிதான் குறைஞ்சது” என்று வருத்தப்படுகிறவர்கள் நிறைய.

எந்த போர்டுக்கு இது தேவை

எல்லா போர்டுக்கும் தேவையில்லை. 2004-இல் வந்த என்விடியா என்ஃபோர்ஸ்4 போர்டுகளில் ஒரே சிப்பில் எல்லாவற்றையும் அடக்கி, கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் ஒரு குட்டி ஃபேனை வைத்தார்கள். அந்தக் காலத்து போர்டுகளில் முதலில் கத்தத் தொடங்கியதும் முதலில் செத்ததும் அந்த ஃபேன்தான். 2008 இறுதியில் வந்த இன்டெல் எக்ஸ்58 சிப்செட்டின் முதன்மைச் சிப்பான ஐஓஹெச் 24.1 வாட் எடுக்கும். பழைய ஸியான் சிபியு போட்டு இன்னும் அந்த போர்டுகளை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் பிறகு இன்டெல் சிப்செட்டுகள் 6 வாட் அளவுக்கு இறங்கிவிட்டன, தட்டையான ஓர் அலுமினியத் தகடே போதுமானதாக இருந்தது.

2019 ஜூலையில் ஏஎம்டி எக்ஸ்570 வந்ததும் பழைய கதை திரும்பியது. கார்டுகளும் எஸ்எஸ்டிகளும் பயன்படுத்தும் வேகப் பாதையான பிசிஐஇ 4.0-க்காக ஏஎம்டி தானே வடிவமைத்த சிப் அது. 11 வாட். அன்று வந்த போர்டுகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் சிப்செட் ஃபேன் இருந்தது. ஃபேன் இல்லாமல் வந்த கிகாபைட் எக்ஸ்570 ஆரஸ் எக்ஸ்ட்ரீம் போன்றவை விதிவிலக்கு. 2020-இல் வந்த பி550-இல் சிப்செட்டின் சொந்த லேன்கள் (பாதைகள்) வேகம் குறைந்த பிசிஐஇ 3.0 என்பதால் ஃபேனுக்கு வேலையே இல்லாமல் போனது. 2021-இல் ஃபேன் இல்லாத எக்ஸ்570எஸ் போர்டுகளும் வந்துவிட்டன.

ஆகவே இந்த ஃபேனை வாங்க நியாயமான காரணம் உள்ளவர்கள், அந்த முதல் தலைமுறை எக்ஸ்570 போர்டு வைத்திருப்பவர்கள். வாரண்டி முடிந்திருக்கும், ஃபேன் கரகரக்கத் தொடங்கியிருக்கும், அல்லது நின்றே போயிருக்கும். பி550, பி650, இன்டெல் 600 வரிசை போர்டுகளில் சிப்செட் கொதிக்கிறது என்றால் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டின் வெப்பக்காற்று அங்கே தேங்குகிறது என்று அர்த்தம். அதற்கு மருந்து கேபினெட்டின் அடியில் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன். இந்த 40 மில்லிமீட்டர் ஃபேன் வேண்டாம்.

எக்ஸ்570 சிப்செட் 60 முதல் 70 டிகிரி காட்டுவது சாதாரணம். அதைப் பார்த்துப் பயந்து போர்டைக் கழற்ற வேண்டாம். வெப்பநிலை காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ64 மென்பொருளில் 80-க்கு மேல் நிலையாக நின்றால், அல்லது வேலை இல்லாத நேரத்திலும் 70-க்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்றால், அப்போது கையை வைக்கலாம். எந்த எண்ணைப் பார்த்தாலும் அறையின் வெப்பநிலையைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். 22 டிகிரி ஏசி அறையில் எடுத்த எண்ணையும், கத்திரி வெயிலில் 36 டிகிரி அறையில் எடுத்த எண்ணையும் அப்படியே ஒப்பிட்டால் 14 டிகிரி பிழை அதிலேயே இருக்கிறது.

முதலில் அடியில் என்ன இருக்கிறது

தொழிற்சாலையில் சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பேஸ்ட் போடுவார்கள், அல்லது ரப்பர்போன்ற தடித்த தெர்மல் பேட் ஒட்டுவார்கள். அசெம்பிளி வேகத்துக்குப் பேட் வசதி, உயர வித்தியாசங்களை அதுவே சமாளித்துக்கொள்ளும். விலையை நாம் டிகிரியில் கொடுக்கிறோம்.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் விளங்கும். சூடு வெளியேறும் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர், சிப்பின் சக்தி 11 வாட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டர் தடிமனில், வெப்பக் கடத்தல் எண் (அதிகமானால் சூடு எளிதாகக் கடக்கும்) 3 உள்ள சாதாரணப் பேட் நடுவில் இருந்தால், அந்தப் பேட்டின் இரண்டு பக்கத்துக்கும் இடையிலேயே 36 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்துவிடும். அரை மில்லிமீட்டர் தடிமனில் 6 எண் உள்ள நல்ல பேட் என்றால் அது 9 டிகிரி. 0.05 மில்லிமீட்டர் அளவுக்கு நசுங்கிய, 4 எண் உள்ள பேஸ்ட் என்றால் ஒன்றரை டிகிரிகூட இல்லை. உண்மையான சிப்பில் பரப்பும் அழுத்தமும் மாறும், எண்களும் மாறும். ஆனால் எது பெரியது எது சின்னது என்கிற வரிசை மாறாது. ஃபேனுக்கு ஆயிரம் ரூபாய் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் எது என்பதை இந்த மூன்று எண்களே சொல்லிவிடும்.

கழற்றும் முறை. கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு அணையுங்கள். பேட்டோ பேஸ்ட்டோ கொஞ்சம் இளகியிருக்கும். பவர் வயரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். எக்ஸ்570 போர்டுகளில் ஹீட்சிங்கின் ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் போர்டின் முதுகுப் பக்கத்தில் இருக்கும். ஆகவே போர்டு முழுவதும் வெளியே வந்தாக வேண்டும், குறுக்குவழி இல்லை. பழைய போர்டுகளில் ஸ்பிரிங் வைத்த பிளாஸ்டிக் புஷ்பின் இருக்கும். பின்னாலிருந்து அதன் விரிந்த நுனியை மூக்குப் பிளையரால் மெல்ல அமுக்கி முன்னால் தள்ள வேண்டும். வெயிலில் வெந்த பழைய புஷ்பின்கள் நெருக்கினால் உடைந்துவிடும். மாற்று பின் கையில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். பிளையர் வழுக்கிப் பக்கத்து டிரேஸில் (போர்டில் மின்சாரம் ஓடும் மெல்லிய செம்புக் கோடு) ஒரு கீறல் விழுந்தால் போர்டே போய்விடும் என்பதால், பின்னைச் சுற்றி ஒரு தடித்த அட்டைத் துண்டை ஓட்டை போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஹீட்சிங்க் விடுபடவில்லை என்றால் மேலே இழுக்காமல், இடவலமாக மெல்லத் திருகுங்கள். இப்போதைய சிப்செட்டுகள் பலவற்றில் சிபியுவில் இருப்பதுபோல் உலோக மூடி கிடையாது. கண்ணாடிபோல் பளபளக்கிற சிலிக்கான் டை வெளியே தெரியும். அதன் மூலை உடைவதுதான் இந்த வேலையில் நேரக்கூடிய மிக மோசமான விபத்து. திரும்ப மாட்டும்போதும் அதே ஆபத்து: ஒரு பக்க ஸ்க்ரூவை முழுசாக முறுக்கிவிட்டு மறுபக்கம் வந்தால், ஹீட்சிங்க் சாய்ந்து டையின் ஓரத்தில் மொத்த அழுத்தமும் விழும். எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றையும் அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்குங்கள்.

பழையதைத் துடைக்க 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் காபி ஃபில்டர் காகிதமும் போதும். பஞ்சு வேண்டாம், நூல் விடும். டையைச் சுற்றியுள்ள குட்டிக் கெபாசிட்டர்களின் மேல் அழுத்தாதீர்கள்.

பேட் இருந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு பேஸ்ட் போடுவது அடுத்த தவறு. ஒரு மில்லிமீட்டர் பேட்டுக்காகச் செய்யப்பட்ட ஹீட்சிங்க், அந்த ஒரு மில்லிமீட்டர் உயரத்தில்தான் ஸ்டாண்டாஃப் எனப்படும் தாங்கு கால்களின் மேல் நிற்கும். பேஸ்ட் போட்டால் சிப்புக்கும் உலோகத்துக்கும் நடுவில் காற்றுதான் இருக்கும், முன்பைவிட மோசமாகும். சோதிக்க ஒரு வழி: டையின் மேல் கடுகளவு பேஸ்ட் வைத்து, ஹீட்சிங்கை முழுசாக இறுக்கி, திரும்பக் கழற்றிப் பாருங்கள். டையின் நான்கு மூலையும் தெளிவாக அச்சாகப் பதிந்து, நடுவில் பேஸ்ட் ஏறக்குறையக் கண்ணாடிபோல் மெலிந்திருந்தால் தொடுகை சரி. வைத்த பேஸ்ட் வைத்தபடியே மேடாக இருந்தால் இடைவெளி இருக்கிறது. ஒரு மூலை மட்டும் பதிந்திருந்தால் ஹீட்சிங்க் சாய்ந்திருக்கிறது.

இடைவெளி இருந்தால் இரண்டு வழி. பழைய பேட்டின் தடிமனை, நசுங்காத ஓரத்தில் வெர்னியரால் அளந்து, அதே தடிமனில் கடத்தல் எண் அதிகமுள்ள பேட் வாங்குவது ஒன்று. அந்த அளவுக்குச் செம்புத் தகடு வெட்டி இரண்டு பக்கமும் பேஸ்ட் தடவி வைப்பது இன்னொன்று. தகடு மின்சாரத்தைக் கடத்தும், நகர்ந்தால் பக்கத்துக் கெபாசிட்டரில் ஷார்ட் ஆகும். அதனால் டையைச் சுற்றி மின்சாரம் கடத்தாத காப்டான் டேப் ஒட்டாமல் தகட்டை வைக்கக் கூடாது. பொறுமை இல்லாதவர்கள் பேட்டோடு நின்றுகொள்வதே நல்லது. தேவையைவிடத் தடித்த பேட்டை வாங்கி ‘நசுங்கிக்கொள்ளும்’ என்று இறுக்குவதும் வேண்டாம். போர்டுதான் வளையும்.

தெர்மல் அடெஸிவ் எனப்படும் ஒட்டும் கலவையைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அது நிரந்தர ஒட்டு. பின்னால் கழற்ற நேர்ந்தால் சிப்பும் சேர்ந்து வரலாம். ஹீட்சிங்க் மாட்ட ஓட்டையே இல்லாத போர்டுக்கு மட்டும் அது.

இனி ஃபேன்

நாக்டுவா தரும் எண்கள்: நிமிடத்துக்கு 4500 சுற்று, மணிக்கு 8.2 கன மீட்டர் காற்று, 17.9 டெசிபல். டப்பாவில் வரும் எல்என்ஏ என்கிற வேகக்குறைப்பு வயரை நடுவில் சேர்த்தால் 3700 சுற்று, 12.9 டெசிபல். மின்னோட்டம் 0.05 ஆம்பியர்தான், போர்டில் ஃபேன் வயரைச் செருகும் எந்த ஹெடரும் தாங்கும்.

8.2 கன மீட்டர் போதுமா? 11 வாட் சூடு முழுவதையும் அந்தக் காற்று அள்ளிக்கொண்டு போனால் காற்று சுமார் 4 டிகிரி சூடாகும். ஹீட்சிங்கின் துடுப்புகள் தடுப்பதால் நடைமுறையில் காற்று பாதியாகிவிட்டாலும் 8 டிகிரி. அதாவது காற்றின் அளவு இங்கே பிரச்சினையே இல்லை. 7000 சுற்று சுற்றுகிற, கொசுபோல் ரீங்காரமிடுகிற ஃபேன்களை இதே வேலைக்கு வாங்குகிறவர்கள் சத்தத்தைத்தான் காசு கொடுத்து வாங்குகிறார்கள். மிச்சமிருக்கும் தடை உலோகத்திலிருந்து காற்றுக்குச் சூடு மாறும் இடத்தில் இருக்கிறது. ஃபேன் இல்லாத ஹீட்சிங்க் வாட்டுக்கு 4 டிகிரி ஏறும் என்றால் 11 வாட்டுக்கு 44 டிகிரி. மெல்லிய காற்றோட்டம் அதைப் பாதியாக்கினாலே 22 டிகிரி மிச்சம். அதற்குப் பிறகு வேகத்தை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது சில டிகிரிதான். எல்என்ஏ வயரோடு ஓட்டினாலே பெரும்பாலானவர்களுக்குப் போதும் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மலிவான 4010 ஃபேனிலிருந்து இது வேறுபடுவது பேரிங்கில். மலிவானவற்றில் பெரும்பாலும் ஸ்லீவ் பேரிங். சூடான ஹீட்சிங்கின் மேலேயே வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்போது அதிலுள்ள எண்ணெய் வற்றும், பிறகு கரகரப்பு, பிறகு நிற்பது.  நாக்டுவா எஸ்எஸ்ஓ2 என்று பெயரிட்ட தன் சொந்தப் பேரிங்கைப் போட்டு 6 ஆண்டு வாரண்டி தருகிறது. சிப்செட் ஃபேன் மாதிரி, மாற்றுவதற்குப் போர்டையே கழற்ற வேண்டிய ஒரு பொருளுக்கு அந்த 6 ஆண்டு உண்மையிலேயே மதிப்புள்ளது. 3டி பிரிண்டர் வைத்திருப்பவர்கள் இதே ஃபேனைத் தேடி வாங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் சத்தம்தான். நமக்கு ஆயுள்தான் முதல் காரணம், சத்தம் இரண்டாவது.

குறை இல்லாமல் இல்லை. 10 மில்லிமீட்டர் தடிமனில் அழுத்தம் குறைவு, 1.78 மில்லிமீட்டர் நீர் அளவுதான். துடுப்புகள் நெருக்கமாக இருந்தாலோ, அலங்கார மூடி வாயை அடைத்தாலோ இந்த ஃபேன் சுற்றும், காற்று போகாது. எக்ஸ்570 போர்டுகளில் சிப்செட் மேல் இருக்கும் லோகோ பதித்த தகட்டை முதலில் எடுத்துவிட்டுப் பாருங்கள். அழகு கொஞ்சம் குறையும், டிகிரியும் குறையும். இடம் இருந்தால் இதே நிறுவனத்தின் 20 மில்லிமீட்டர் தடிமனுள்ள என்எஃப்-ஏ4×20 எஃப்எல்எக்ஸ் இதைவிட நல்ல தேர்வு. 5000 சுற்றில் 14.9 டெசிபல், அழுத்தம் 2.26. கூடுதல் காற்று, குறைந்த சத்தம். ஆனால் கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில் அந்த இடம் பெரும்பாலும் இருக்காது.

இடம் இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி ஹீட்சிங்கின் மேல் உயரமாக வையுங்கள். கிராபிக்ஸ் கார்டை ஸ்லாட்டில் முழுசாகச் செருகி, கிளிப் மாட்டும்வரை அழுத்துங்கள். எடுத்துவிட்டுக் களிமண்ணின் உயரத்தை அளங்கள். 15 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் மேலே மாட்டுவதை மறந்துவிடலாம். ஃபேனுக்கு 10, அதன் மேலே காற்று உள்ளே வர குறைந்தது 5 வேண்டும். வாயை மூடிய ஃபேன் வெறுமனே இரையும். இடமில்லாதவர்கள் ஹீட்சிங்கின் பக்கவாட்டில், துடுப்புகளின் வரிசைக்கு நேராக ஃபேனை நிறுத்தி ஊதவைக்கலாம். அதுவும் நன்றாகவே வேலை செய்யும்.

மாட்டுவது. 40 மில்லிமீட்டர் ஃபேனின் ஸ்க்ரூ ஓட்டைகள் ஒன்றுக்கொன்று 32 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கும். ஹீட்சிங்கில் அதே இடத்தில் ஓட்டை இருந்தால் வேலை எளிது. இல்லையென்றால் துடுப்புகளுக்கு நடுவே இறுக்கமாக இறங்குகிற அளவில் ஸ்க்ரூவைத் தேர்ந்தெடுத்து, மூலைக்கு மூலை இரண்டு போட்டாலே நிற்கும். நீளத்தைப் பாருங்கள்: ஸ்க்ரூவின் நுனி துடுப்பின் அடித்தட்டை முட்டினால் ஹீட்சிங்கையே தூக்கிவிடும். கேபிள் டை போட்டுக் கட்டுவதும் மோசமில்லை, ஆனால் அதன் வெட்டிய நுனி கிராபிக்ஸ் கார்டின் ஃபேன் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. காற்று ஹீட்சிங்கை நோக்கிக் கீழே அடிக்க வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டிய, குறுக்குக் கம்பிகள் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம், அது ஹீட்சிங்கைப் பார்க்கட்டும்.

வயரும் பயாஸும்

அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். போர்டின் சொந்த சிப்செட் ஃபேன், பல போர்டுகளில் வழக்கமான ஃபேன் ஹெடரைவிடச் சின்னக் கனெக்டரில் செருகப்பட்டிருக்கும். நாக்டுவாவின் கனெக்டர் அதில் நுழையாது. இரண்டு வழி உண்டு.

சுலபமானது, காலியாக உள்ள கேபினெட் ஃபேன் ஹெடரில் செருகுவது. டப்பாவில் எக்ஸ்டென்ஷன் வயர் இருக்கிறது, தூரம் பிரச்சினை இல்லை. செருகிய பிறகு பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் போர்டின் செட்டிங் திரை) அந்த ஹெடரை, நான்காவது பின் வழியாக வேகத்தைச் சொல்லும் பிடபிள்யூஎம் முறையிலிருந்து, வோல்ட்டை ஏற்றி இறக்கும் டிசி முறைக்கு மாற்றுங்கள். இது 3-பின் ஃபேன் என்பதால், பிடபிள்யூஎம் முறையில் விட்டால் எப்போதும் முழு வேகத்தில்தான் ஓடும். ‘சத்தமில்லாதது என்று சொன்னார்களே’ என்கிற புகாருக்குப் பாதிக் காரணம் இந்த ஒரு செட்டிங். டிசி முறையில் மிகக் கீழேயும் இறக்காதீர்கள். குட்டி ஃபேன்களுக்குக் கிளம்புவதற்கே ஒரு குறைந்தபட்ச வோல்ட் வேண்டும். 60 சதவீதத்தில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் முழுசாக அணைத்துப் போட்டு, தானாகக் கிளம்புகிறதா என்று பார்த்துப் படிப்படியாக இறக்குங்கள். எல்என்ஏ வயரையும் போட்டு வோல்ட்டையும் குறைத்தால் ஒருநாள் கிளம்பாமலே நின்றுவிடும். இரண்டில் ஒன்று போதும்.

வேகத்தை எந்த வெப்பநிலையை வைத்து மாற்றுவது என்று தேர்ந்தெடுக்க பயாஸ் விட்டால் சிப்செட்டை (சில போர்டுகளில் அதன் பெயர் பிசிஹெச்) கொடுங்கள். சிபியுவைக் கொடுத்தால், ஒரு பிரவுசர் டேப் திறக்கும்போதெல்லாம் ஃபேன் ஏறி இறங்கி எரிச்சலூட்டும். சிப்செட் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும் சிப். சீரான ஒரே வேகம்கூட அதற்குப் போதும்.

இரண்டாவது வழி, டப்பாவில் வரும் ஆம்னிஜாயின் இணைப்பான். பழைய ஃபேனின் வயரை வெட்டி, அதன் கனெக்டரை நாக்டுவாவோடு சேர்ப்பது. சால்டரிங் தேவையில்லை, சின்னக் குமிழியில் இரண்டு வயரையும் நுழைத்துப் பிளையரால் அமுக்கினால் சேர்ந்துகொள்ளும். போர்டின் சொந்த ஹெடர் என்பதால் சிப்செட் ஃபேன் கட்டுப்பாடு அப்படியே கிடைக்கும். நாக்டுவாவில் கறுப்பு கிரவுண்டு, மஞ்சள் 12 வோல்ட், பச்சை சுழற்சி எண்ணிக்கை. ஆனால் பழைய ஃபேனின் வயர் நிறங்களை நம்பி இணைக்காதீர்கள். போர்டை ஓடவிட்டு, மல்டிமீட்டரில் எந்த முனையில் எவ்வளவு வோல்ட் வருகிறது என்று பார்த்த பிறகு வெட்டுங்கள். அங்கே 5 வோல்ட் வந்தால் இந்த ஃபேன் சரியாகச் சுற்றாது. அதற்கென்றே இதே அளவில் 5 வோல்ட் மாடல் தனியாக விற்கிறார்கள்.

முதல் வழியில் போனவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காலியான சிப்செட் ஃபேன் ஹெடரைக் கண்காணிக்கிற போர்டு, தொடக்கத்திலேயே ஃபேன் இல்லை என்று நின்றுவிடலாம். பயாஸின் மானிட்டர் பக்கத்தில் அந்த ஃபேனுக்கு ‘இக்னோர்’ கொடுத்தால் சரியாகிவிடும்.

சூட்டையே குறைப்பது

ஃபேன் வாங்காமலே செய்யக்கூடிய வேலைகளும் உண்டு, இவற்றுக்குக் காசு கிடையாது. எக்ஸ்570-இல் எஸ்எஸ்டி செருகும் எம்.2 ஸ்லாட்டுகளில் ஒன்று நேராக சிபியுவோடு சேர்ந்திருக்கும், மற்றது சிப்செட் வழியாகப் போகும். ஒரே ஒரு எஸ்எஸ்டி வைத்திருப்பவர் அதை சிபியு ஸ்லாட்டுக்கு மாற்றினால் சிப்செட்டின் வேலை குறையும். எது எந்த ஸ்லாட் என்பது போர்டின் கையேட்டில் இருக்கும். சிப்செட் வழியாக ஓடும் எஸ்எஸ்டி 3.0 தலைமுறை என்றால் அந்த ஸ்லாட்டை பயாஸில் ‘ஆட்டோ’விலிருந்து ‘ஜென்3’-க்கு மாற்றிவிடலாம், வேகம் எதுவும் குறையாது. பழைய வகை டிஸ்க்குகளுக்கான சாட்டா கன்ட்ரோலரைப் பயன்படுத்தாவிட்டால் அதை அணைக்கலாம்.

மூன்று ஸ்லாட் தடிமனுள்ள கிராபிக்ஸ் கார்டு சிப்செட்டை முழுசாக மூடியிருந்தால், அங்கே தேங்கும் காற்றே 50 டிகிரியில் இருக்கும். அந்தக் காற்றைச் சுற்றிச் சுற்றி ஊதும் எந்த ஃபேனாலும் சிப்பை 50-க்குக் கீழே கொண்டுவர முடியாது. அப்போது முதல் செலவு, கேபினெட்டின் முன்பக்கக் கீழ் மூலையிலிருந்து வெளிக்காற்றை உள்ளே தள்ளும் ஒரு பெரிய ஃபேனுக்கு.

சோதிப்பதற்கு, கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு கேமோ பெஞ்ச்மார்க்கோ ஓடவிட்டு, கூடவே சிப்செட் வழி எஸ்எஸ்டியிலிருந்து பெரிய ஃபைல்களைக் காப்பி செய்யுங்கள். அரைமணி நேரம். ஹீட்சிங்க் முழுசாகச் சூடேற அவ்வளவு நேரம் பிடிக்கும், ஐந்து நிமிடத்தில் பார்த்த எண் ஏமாற்றும். சிப்செட் வெப்பநிலையிலிருந்து அறை வெப்பநிலையைக் கழித்து, அந்த மிச்சத்தை முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள். பேஸ்ட் மாற்றிய பிறகு ஒருமுறை, ஃபேன் மாட்டிய பிறகு ஒருமுறை எனத் தனித்தனியாக எடுத்தால், எந்தச் செலவு எவ்வளவு வேலை செய்தது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

வாரண்டி உள்ள போர்டில் ஃபேன் கத்தினால் கழற்றாதீர்கள், சர்வீஸுக்குக் கொடுங்கள். ஹீட்சிங்கைப் பிரித்த தடயம் இருந்தால் பல நிறுவனங்கள் பொறுப்பேற்காது. எக்ஸ்58 வைத்திருப்பவர்களுக்கும் இந்த 40 மில்லிமீட்டர் போதாது. 24 வாட்டுக்கு 60 மில்லிமீட்டர் ஃபேனாவது வேண்டும். அந்த போர்டுகள் பலவற்றில் சிப்செட்டையும், சிபியுவுக்கு மின்சாரம் தரும் விஆர்எம்மையும் ஒரே ஹீட்பைப் (சூட்டைக் கடத்தும் குழாய்) சேர்த்திருக்கும் என்பதால், ஒன்றைக் கழற்றினால் மற்றதின் பேட்டையும் புதிதாக வாங்கிவைத்துக்கொண்டே தொடங்க வேண்டும்.

மாட்டியாகிவிட்டது என்றால் பராமரிப்பு சுலபம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிராபிக்ஸ் கார்டை எடுத்து, ஃபேனின் இறக்கையை ஒரு விரலால் சுற்றாமல் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் துடுப்புகளுக்கு நடுவிலுள்ள தூசியைத் தட்டி எடுங்கள். புளோயரை நேராக இறக்கையில் அடித்து அதிவேகமாகச் சுற்றவிட்டால், எவ்வளவு நல்ல பேரிங்கும் கெட்டுப்போகலாம்.